கூட்டம் கூடிவிட்டது, கூலி எங்கே?

*இணையத்தில் லட்சக்கணக்கான அபிமானிகளைச் சேர்த்துவிட்ட இளைஞர்கள், அந்தக் கீர்த்தியை ஜீவனத்துக்கு உரிய தொழிலாக மாற்றிக்கொள்வது எவ்வாறு? வழி கண்டவர்களையும், வழியில் இடறியவர்களையும், கணக்கு எழுதத் தெரியாமல் தவிப்பவர்களையும் பற்றிய சிறப்புக் கட்டுரை.*

வெட்டவெளியில் மூட்டிய அடுப்பின்மேல் காளான் பிரியாணி தயாராகிக்கொண்டிருக்க, வேட்டி கட்டிய முதியவர் ஒருவரும் அவருடைய பேரன்மாரும் சூழ்ந்து நிற்க, வந்த விருந்தாளி தயிர்ப் பச்சடி கலக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, வெங்காயம், தயிர், கல்லுப்பு என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பொருளின் பெயரையும் தமிழிலேயே உச்சரித்துப் பார்க்கிறார். பிறகு எல்லாரும் வரிசையாகத் தரையில் அமர்ந்து இலையில் சாப்பிடுகிறார்கள். 2021 ஜனவரி இறுதியில் வெளியான இந்தக் காட்சியில் விருந்தாளியாக வந்தவர் ராகுல் காந்தி. விருந்து படைத்தவர்கள், புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த பெரியதம்பி தாத்தாவும், அவரை முன்னிறுத்தி ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ நடத்திவரும் பேரன்மாரும்.

2018இல் தொடங்கிய அந்த யூடியூப் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. தமிழ்ச் சேனல் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அதே சமயத்தில் அவர்கள் தங்கள் வருமானத்திலிருந்து 10 லட்சம் ரூபாயை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அளித்தார்கள். மறு வருஷம் கமல்ஹாசனின் ‘விக்ரம்’ படத்தில், கல்யாண விருந்து சமைப்பவர்களாகவே திரையில் தோன்றினார்கள்.

விவசாயக் குடும்பம் ஒன்றுக்குக் கைவந்த இந்தச் சௌபாக்கியத்தைக் கண்ட பிறகு, தமிழ்நாட்டில் கைபேசி வைத்திருக்கும் வாலிபர்களில் பாதிப் பேருக்காவது, ‘நாமும் ஒரு சேனல் தொடங்கினால் என்ன?’ என்ற எண்ணம் ஒருமுறை உதித்திருக்கும் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் சேனல் தொடங்கி, கூட்டமும் சேர்த்து, கடைத்தெருவில் செல்ஃபி எடுத்துக்கொள்ள நாலு பேர் ஓடிவரும் அளவுக்குப் பிரசித்தியும் அடைந்துவிட்ட எத்தனையோ பேர், மாதக் கடைசியில் வாடகை கொடுக்கத் திண்டாடுகிறார்கள் என்ற உண்மை அந்தக் காட்சிகளில் பதிவாவதில்லை. பிரசித்திக்கும் சம்பாத்தியத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தபால்காரர் கொண்டுவரும் ஆறு இலக்கம்

ஆயிரம் சந்தாதாரர்களைச் சேர்த்துவிட்டால் யூடியூப் நிறுவனம் மாதச் சம்பளம் அனுப்பத் தொடங்கிவிடும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் சந்தாதாரர் எண்ணிக்கைக்காக அந்த நிறுவனம் ஒரு காசுகூட அளிப்பதில்லை. காட்சிக்கு முன்னும் நடுவிலும் தோன்றும் விளம்பரங்களிலிருந்து கிடைப்பதில் ஒரு பங்கைத்தான் அது பெரும்பாலும் பிரித்துக் கொடுக்கிறது. அந்தப் பங்கும், பார்ப்பவர் எந்தத் தேசத்தில் இருக்கிறார், எந்தப் பொருளைப் பற்றிய காட்சியைப் பார்க்கிறார், விளம்பரத்தைத் தாண்டாமல் பார்க்கிறாரா என்பனவற்றைப் பொறுத்து மாறிக்கொண்டேயிருக்கும். டொராண்டோவில் இருக்கும் தமிழர் ஒருவர் ஒரு காட்சியைப் பார்ப்பதும், திண்டிவனத்தில் இருப்பவர் அதையே பார்ப்பதும் எண்ணிக்கையில் ஒன்றே எனினும், வருமானத்தில் ஒன்றல்ல. தீபாவளியை ஒட்டி விளம்பரதாரர்கள் தாராளமாகச் செலவழிக்கும் மாதங்களில் ஏறும் தொகை, ஜனவரி பிறந்ததும் சரேலென்று இறங்கிவிடுவதைப் பார்த்து, ‘சேனலுக்கு யாரோ கண்ணேறு போட்டுவிட்டார்கள்’ என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை நவீனமான இந்தத் தொழிலின் முதற்படி ஒரு தபால்காரர் கையில் இருக்கிறது என்பது சுவையான விஷயம். கணக்கில் பத்து டாலர் சேர்ந்தவுடன், கூகுளின் ஆட்சென்ஸ் பிரிவிலிருந்து ஆறு இலக்க எண் ஒன்று அச்சிட்ட சிறு உறை, சாதாரணத் தபாலில், கொடுத்த விலாசத்துக்கு வருகிறது. அந்த எண்ணைக் கணினியில் பதிவு செய்த பிறகுதான் விலாசம் மெய்யென்று ஒப்புக்கொள்ளப்படும். கதவிலக்கம் தவறாக எழுதியதனால் உறை வாராமல் போய், வாரக்கணக்கில் தபால் நிலையத்துக்கு நடந்தவர்களின் கதை, சேனல் நடத்துகிறவர்கள் கூடுமிடத்தில் எல்லாம் கேட்கக் கிடைக்கும்.

> பெட்டிச் செய்தி: படியளக்கும் கணக்கு
>
> • விளம்பரப் பங்கு பெறுவதற்கு யூடியூப் விதித்திருக்கும் தகுதி: 1,000 சந்தாதாரர்கள், அத்துடன் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் காட்சிகளுக்கு ஒரு கோடிப் பார்வை.
>
> • நீண்ட காட்சிகளில் வரும் விளம்பர வருமானத்தில் படைப்பவருக்கு 55 சதவீதம். ஷார்ட்ஸ் காட்சிகளில், அவருக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம்.
>
> • கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்குப் பணம் வரும்.
>
> • அமெரிக்காவிலுள்ள நேயர்கள் மூலம் வரும் வருமானத்துக்கு 2021 ஜூன் முதல் அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. வரிப் படிவத்தை நிரப்பிய இந்தியருக்கு 15 சதவீதம். படிவமே கொடுக்காதவருக்கு உலகெங்கிலுமிருந்து வரும் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை.

சினிமாக்காரர்கள் எதை விலைக்கு வாங்கினார்கள்?

விளம்பரப் பங்கு என்பது சில்லறை வரும்படி. இணையத்துப் பெயரைக் கொண்டு ஒரு முழுத் தொழிலுக்குள் நுழைந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால், தமிழ்த் திரையுலகைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாலாஜி மோகன் 2010இல் ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்று ஒரு குறும்படம் எடுத்து யூடியூபில் வெளியிட்டார். அது கல்லூரி மாணவர்களிடையே கைக்குக் கை பரவியது. 2012இல் அதே பெயரில் அவருடைய முதல் முழுநீளப் படம் வெளிவந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி, ‘கிளப்புல மப்புல’ என்ற பாட்டின் மூலம் 2011இல் இணையத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் 2015 பொங்கலுக்கு வந்த ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைப்பாளரானார். அவ்வாண்டே ‘தனி ஒருவன்’ அவருக்கு வாய்த்தது. பிரதீப் ரங்கநாதனின் ‘அப்பா லாக்’ என்ற குறும்படம் 2017இல் இணையத்தில் வெளியாயிற்று, 2019இல் ‘கோமாளி’யை இயக்கினார், அந்தக் குறும்படத்தின் கருவையே விரித்து 2022இல் ‘லவ் டுடே’ எடுத்துத் தாமே கதாநாயகனாகவும் நடித்தார், இன்று அவர் முன்னணி நாயகர்களில் ஒருவர்.

இந்த மூவரின் சரித்திரத்தையும் மேலோட்டமாகப் படிக்கிறவர்கள், கூட்டம் சேர்ந்ததனால்தான் வாய்ப்புக் கிடைத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சற்று நிதானித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். பணம் போட்ட தயாரிப்பாளர் வாங்கியது பார்வை எண்ணிக்கையை அன்று. சில நிமிஷங்களில் ஒரு கதையையோ பாட்டையோ தொய்வில்லாமல் தரத் தெரிந்த ஒருவரின் சாமர்த்தியத்தை அவர் வாங்கினார். எண்ணிக்கை செய்த காரியம், அந்தச் சாமர்த்தியத்தைத் தயாரிப்பாளரின் பார்வைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதுதான். முன்காலத்தில் உதவி இயக்குநராகப் பத்து வருஷம் கோடம்பாக்கத்துத் தெருக்களில் அலைந்து பெற வேண்டியிருந்த அறிமுகத்தை இணையம் விரைவில் பெற்றுக்கொடுத்தது. தொழிலை அவர்களே கற்றார்கள்.

சின்னவீரமங்கலத்தின் கதையும் இதற்கு மாறானதன்று. பெரியதம்பி, காமிரா முன்னால் வந்து சமையல் பழகியவரல்லர். விசேஷங்களுக்குச் சமைத்து, நூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்த கை அவருடையது. தொழில் முன்னே இருந்தது. கூட்டம் பின்னே வந்தது.

ஆரி ஊசியும் அரை நிமிஷக் காட்சியும்

திரையுலகம் ஒரு சிலருக்கே திறக்கும் வாசல். ஏனையோர் என்ன செய்கிறார்கள் என்பதற்கு, தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் காணக்கூடிய ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்யும் ஒரு பெண்மணி. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி முனையுள்ள ஊசியை மேலே ஒரு கையால் செலுத்தி, மற்றக் கையால் அடியிலிருந்து நூலை ஊட்டி, சங்கிலித் தையலாகக் கோத்துக்கொண்டே போகிறார். இடையிடையே ஜர்தோசிக் கம்பியும் மணியும் சம்கியும் சேர்கின்றன. சட்டத்துக்கு மேலே, பிளாஸ்டிக் முக்காலியில் கட்டிய கைபேசி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. மயிலின் கழுத்து உருவாகும் கட்டத்தை மட்டும் வெட்டி அரை நிமிஷமாகச் சுருக்கி இன்ஸ்டாகிராமில் போடுகிறார். நாளடைவில் 80,000 பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 80,000 பேரும் ‘சூப்பர் சிஸ்டர்’ என்று எழுதி, இதயச் சின்னம் அழுத்திவிட்டுப் போவதனால் அவருக்கு நூல்கண்டு வாங்கவும் காசு வாராது. ஆனால் அவர் ஒரு மாத வகுப்பு என்று அறிவித்து, பாடக் காட்சிகளை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, ஊசியும் நூலும் துணியும் அடங்கிய பெட்டியைக் கூரியரில் சேர்ப்பித்து, வாரம் ஒரு நாள் சந்தேகம் தீர்க்கவும் இசைந்து, 1,500 ரூபாய் கட்டணம் விதித்தால், 40 பேர் சேர்ந்தாலே 60,000 ரூபாய். பெட்டிக்கும் கூரியருக்கும் ஆளுக்கு 500 ரூபாய் கழித்தால், மிச்சம் 40,000. பின்தொடர்பவர்களில் இரண்டாயிரத்தில் ஒருவர் பணம் கொடுத்தால் போதும், ஒரு குடும்பத்தின் மாத ஜீவனம் நடந்துவிடும்!

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒரு கலைஞனுக்கு உலகப் புகழ் அவசியமில்லை என்றும், ஆண்டுக்கு 100 டாலர் செலவழிக்கச் சித்தமாயிருக்கும் ஆயிரம் மெய்யான அபிமானிகள் இருந்தால் போதுமென்றும் வாதித்தார். அவர் சொன்ன தொகை நம் ஊருக்குப் பொருந்தாவிட்டாலும் தத்துவம் பொருந்துகிறது. டெய்லரிங், ஓவியம், டைப்பிங், டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி, வீணை, சித்த வைத்தியம் என்று எந்தத் துறையானாலும், கற்றுக்கொடுக்கக்கூடிய வித்தை ஒன்று கையிலிருப்பவர், எண்ணிக்கையில் சிறிய கூட்டத்தைக் கொண்டே நிலைத்துவிடுகிறார். சிரிக்க வைப்பதற்கும் திகைக்க வைப்பதற்கும் மட்டும் கூட்டம் சேர்த்தவர்கள், பத்து மடங்கு கூட்டம் இருந்தும் விளம்பரதாரரின் வருகைக்காகக் காத்திருக்க நேர்கிறது.

‘ரெண்டு புடவை அனுப்பி வெச்சிடறோம்’

அந்த விளம்பரதாரரின் முதல் வருகை பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தியாகத்தான் இருக்கும். “மேடம், எங்க கடைப் புடவைய ஒரு ரீல்ஸ்ல காட்டிடுங்க, ரெண்டு புடவை அனுப்பி வெச்சிடறோம்.” காசுக்குப் பதில் சரக்கு கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘பார்ட்டர் கொலாப்’ என்று பெயர். ஆரம்பத்தில், யாரோ ஒருவர் தம்மைத் தேடி வந்துவிட்டார் என்ற பூரிப்பில் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு ரீல்ஸுக்கு எழுதவும், படம் பிடிக்கவும், வெட்டி ஒட்டவும் இரண்டு நாள் போய்விடுகிறது என்பதும், புடவையைக் கொண்டு மின்கட்டணம் செலுத்த முடியாது என்பதும் பிறகுதான் தெரிய வருகின்றன.

ரொக்கம் பேசுகிற நிலை வந்த பின்னும் சங்கடங்கள் தீர்வதில்லை. இடையில் ஓர் ஏஜென்சி இருக்கும், அதற்குப் பங்கு. காட்சியை வெளியிட்ட பிறகு 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம். ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில், அந்தக் காட்சியைக் கம்பெனி தன் விளம்பரங்களில் விரும்பிய வரையில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும், ஆறு மாதத்துக்குப் போட்டிக் கம்பெனி எதற்கும் வேலை செய்யலாகாது என்றும் இரண்டு வரிகள் இருக்கும். அவற்றைப் படிக்காமல் கையெழுத்திட்டவர், ஒரு நாள் கூலிக்கு ஆறு மாதத்தை விற்றுவிட்டதை, அடுத்த நல்ல வாய்ப்பு வாசலுக்கு வந்து திரும்பிப் போகும்போது உணர்கிறார். விலை பேசும்போது படப்பிடிப்புக்கு ஒரு தொகை, கம்பெனி அதை விளம்பரமாக ஓட்டுவதற்கு வேறு தொகை, போட்டியாளரைத் தவிர்ப்பதற்கு இன்னொரு தொகை என்று பிரித்துப் பேசவும், பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கவும் கற்றவர்களே இந்தத் துறையில் தேறுகிறார்கள்.

இவை எல்லாவற்றினும் கடுமையான சோதனை நாணயத்தைப் பற்றியது. நேற்று வரையில் மூலிகைத் தைலத்தைப் புகழ்ந்தவர் இன்று ரசாயனச் சாயத்தைப் புகழ்ந்தால், பார்ப்பவர்கள் வெளிப்படையாகக் கோபிப்பதில்லை; மெல்ல விலகிப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை அப்படியே இருக்கும், நம்பிக்கை இராது. பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் புகழ்ச்சியை, பணம் வாங்கியதாகச் சொல்லிவிட்டே சொல்ல வேண்டும் என்று இப்போது சட்டமும் கட்டாயப்படுத்துகிறது.

> பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?
>
> • 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் நலத்துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர், அது விளம்பரம் என்பதை எளிய சொற்களில், பார்ப்பவர் கண்ணில் படும்படி தெரிவிக்க வேண்டும்.
>
> • தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பொருள்களைப் பரிந்துரைப்பதற்கு ஓராண்டுத் தடையும், திரும்பவும் தவறினால் மூன்றாண்டு வரை தடையும் விதிக்கலாம்.
>
> • 2022 ஜூலை 1 முதல், ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள்களைத் தொழில்முறைச் சலுகையாகப் பெற்றால், கொடுப்பவர் 10 சதவீத வரி பிடித்துச் செலுத்த வேண்டும். காட்சி எடுத்தபின் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது பொருந்தாது.
>
> • சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம்.

ஒரே இரவில் மறைந்த கூட்டம்

2020 ஜூன் 29ஆம் தேதி இரவு, மத்திய அரசாங்கம் 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் டிக்டாக் ஒன்று. இந்தியாவில் ஏறக்குறைய 20 கோடிப் பேர் பயன்படுத்தி வந்த அந்தச் செயலி மறைந்தபோது, அதில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் கூட்டமும் அதனுடன் மறைந்தது. தங்களைப் பின்தொடர்ந்தவர்களின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஒரு தொலைபேசி எண்கூட அவர்கள் கையில் இல்லை. சிலர் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பலரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேள்விப்படவில்லை. பிறர் நிலத்தில் வீடு கட்டியவர், நிலத்துக்காரர் வெளியேறச் சொல்லும் நாளில் செங்கல்லைக்கூட எடுத்துக்கொண்டு போக இயலாது என்பதை அந்த ஓர் இரவு விளக்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று நம் பத்திரிகை உலகத்திலேயே உண்டு. ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக இருந்து பல்லாயிரம் வாசகர்களின் அன்பைப் பெற்றிருந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 1941இல் அதிலிருந்து விலகி, நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். மூலதனத்துக்காகச் சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துக் கொடுத்தார். பத்திரிகையின் பெயர் மாறியது, கட்டடம் மாறியது, வாசகர்கள் அவருடைய எழுத்தைத் தேடிப் புதிய இடத்துக்கே வந்தார்கள். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய சரித்திர நாவல்கள் மூன்றும் அந்தப் புதிய பத்திரிகையிலேதான் வளர்ந்தன.

சேர்ந்திருக்கும் கூட்டம் பந்தலுக்குரியதா, பாடுகிறவருக்குரியதா என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல பரீட்சை இல்லை. இடம் மாறினால் எத்தனை பேர் உடன் வருவார்கள்? அதற்கு விடை தெரிந்தவர்கள், அபிமானிகளின் மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் எண்களையும் அவர்கள் சம்மதத்துடன் சேகரித்து வைக்கிறார்கள். ஒரு தளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றில் கால் ஊன்றுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது நேயர்களை நேரில் சந்திக்கிறார்கள்.

பாட்டு ஓடியது, பணம் வரவில்லை

உரிமை யாருடையது என்ற விவகாரம் இதைவிடச் சிக்கலானது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டைக் கேளாத தமிழர் அரியர். யூடியூபில் அதன் பார்வைகள் கோடிக்கணக்கில் குவிந்தன; தமிழ் தெரியாதவர்களும் அதற்கு ஆடினார்கள். அப்படிப்பட்ட பாட்டின் மூலம் தமக்கும் சக கலைஞர்களுக்கும் அதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று, அதன் இசைக்குப் பொறுப்பேற்றிருந்த சந்தோஷ் நாராயணன் 2024இல் பகிரங்கமாக அறிவித்தபோது, ரசிகர்கள் திகைத்துப் போனார்கள். பெயர் பெற்ற இசையமைப்பாளருக்கே இந்தக் கதி நேருமானால், முதல் பாட்டைப் பதிவு செய்யும் கல்லூரி மாணவனின் நிலை என்ன ஆகும்?

பாட்டோ படமோ, எந்தச் சேனலில் வெளியாகிறதோ அந்தச் சேனலின் உரிமையாளருக்கே விளம்பரப் பங்கு போய்ச் சேருகிறது. ‘எங்கள் சேனலில் போடுகிறோம், உங்களுக்குப் பெயர் கிடைக்கும்’ என்ற வார்த்தையை நம்பி, எழுத்துமூலமான உடன்படிக்கை இல்லாமல் படைப்பைக் கொடுத்துவிட்டவர்கள், பெயர் மட்டுமே கிடைத்தது என்பதைப் பின்னால் அறிகிறார்கள். யார் பெயரில் வெளியீடு, எத்தனை வருஷத்துக்கு உரிமை, வருமானத்தில் யாருக்கு என்ன பங்கு, கணக்கு எப்போது காட்டப்படும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதில் நட்பு முறிந்துவிடாது. எழுதாமல் விட்டதனால் முறிந்த நட்புகள்தாம் ஏராளம்.

கூட்டம் கேட்கும் விலை

தொழிலின் வேர் இல்லாமல் கூட்டத்தை மட்டுமே நம்பியவரைக் கூட்டமே ஆட்டிவைக்கும் விபரீதமும் நடக்கிறது. நேற்றுக் காட்டிய சாகசத்தைக் காட்டிலும் பெரிய சாகசத்தை இன்று காட்ட வேண்டும்; நேற்றுப் பேசிய வசையைவிடக் கடுமையான வசையை இன்று பேச வேண்டும். இரு சக்கர வாகனத்தில் சாகசம் செய்து இளைஞர் கூட்டத்தைச் சேர்த்திருந்த ஒருவர், 2023இல் காஞ்சிபுரம் அருகே விபத்துக்குள்ளானதும் கைது செய்யப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்து வருஷத்துக்கு ரத்து செய்யப்பட்டது. வாகனம் ஓட்டுவதையே பிழைப்பாக்கிக் கொண்டவருக்கு, வாகனம் ஓட்டும் உரிமையே போயிற்று.

குழந்தைகளைக் காமிராவின் முன் நிறுத்திச் சம்பாதிக்கும் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அழுவதும் சிரிப்பதும் தூங்கி எழுவதும் அரும்பொருளாகக் காட்டப்படும் அந்தக் குழந்தைக்கு, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் வயது வரவில்லை. வரும் பணத்தில் தனக்குப் பங்கு உண்டென்பதும் தெரியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இப்படித் தோன்றும் குழந்தைகளுக்கென்று வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியே சேமித்து வைக்க வேண்டும் என்ற சட்டம் 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பிரான்ஸ் 2020லேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் இதைப் பற்றி யோசிக்கும் காலம் வந்துவிட்டது. சட்டம் வரும் வரையில், பெற்றோர் தாமாகவே குழந்தையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி அதன் பங்கைச் செலுத்துவது குறைந்தபட்ச தர்மம்.

உத்தியோகத்தை விடலாமா?

மேலே கண்ட அனுபவங்களிலிருந்து தெளிவாகும் முடிவு ஒன்றே. இணையத்துக் கூட்டம் என்பது ஓர் அறிமுகம். அந்த அறிமுகத்துக்குப் பிறகு, வாடிக்கையாளரோ தயாரிப்பாளரோ மாணவரோ எதற்காகப் பணம் கொடுப்பார் என்பதற்கு, கூட்டம் சேர்த்தவரிடம் ஒரு வித்தை இருந்தாக வேண்டும். வித்தை இருந்து கூட்டம் இல்லாதவர் மெதுவாகவேனும் முன்னேறுகிறார். கூட்டம் இருந்து வித்தை இல்லாதவர், அடுத்த விளம்பரம் எப்போது வரும் என்று கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒருங்கே அமைந்தவருக்கும் வரவுசெலவுக் கணக்கு, எழுதிய ஒப்பந்தம், ஆறு மாதச் செலவுக்கு வேண்டிய கையிருப்பு ஆகியவை இல்லாவிட்டால், ஒரு விதி மாற்றமோ ஒரு தடையுத்தரவோ எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

கம்பெனிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் விளம்பரக் கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்துகிறவர்கள், ஒரு சிறு நகரத்துப் பெண்மணி இரண்டு நாள் உழைத்து எடுத்த காட்சிக்குப் புடவையைக் கொடுத்து அனுப்புவது நியாயமாகாது. வேலை என்று வாங்கினால் அதற்குக் கூலி கொடுப்பதே முறை. அதையும் சொன்ன தேதியில் கொடுப்பதே அழகு.

வாசகர்களின் வீட்டிலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ, ‘வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேனல் நடத்தப் போகிறேன்’ என்று ஒரு நாள் வந்து நிற்கக்கூடும். அப்போது கோபிக்கவும் வேண்டாம். சந்தாதாரர் எத்தனை பேர் என்று கேட்டு மலைக்கவும் வேண்டாம். கடந்த ஆறு மாதங்களில், மாதந்தோறும் எத்தனை பேர் உன் வேலைக்கென்று தங்கள் கையிலிருந்து பணம் கொடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்த எண் மாதத்துக்கு மாதம் வளர்ந்திருந்தால் தாராளமாக ஆசீர்வதித்து அனுப்புங்கள். வளராதிருந்தால், இன்னும் ஓராண்டு உத்தியோகத்தில் இருந்துகொண்டே முயலச் சொல்லுங்கள்.